பச்சை வயர்

"ஆருக்கக்கா ஹீற்றர்? கனடாக்காரர் வருகினமோ?"
ஸ்ரான்லி வீதிக் கடையில் பெடியன் கேட்டான்.
இல்லை, எனக்குத்தான் என்றேன்.
நாற்பத்தேழு வயது. மார்கழி.
விடியக் கிணற்றுத் தண்ணீர் முதுகில் விழும்போது
வாயில் வரும் சொல்
பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதாம்.

அவன் ஒரு சுருளைத் தூக்கிப் போட்டான்.
"இதைத்தான் எல்லாரும் கொண்டுபோகினம். பாதி விலை."
நல்ல மினுக்கம். கையில் எடுத்தால்
கவரிங் சங்கிலிபோலக் கனமில்லை.
றெஜினோல்ட் ஒன்றும் பேசவில்லை.
பையிலிருந்த பிளேட்டால் ஒரு இழையைச் சுரண்டினான்.
செம்புத் தோலுக்கடியில்
அலுமினியம் வெள்ளையாய்ச் சிரித்தது.
பெடியன் தலைக்குமேல் சுற்றும் ஃபேனைப் பார்த்தான்.

பிறகு ஹீற்றர்ப் பெட்டியின் முதுகில் கணக்கு:
நாலாயிரத்து ஐந்நூறு வாற்,
இருநூற்று முப்பதால் பிரிக்க
இருபது அம்பியருக்குக் கொஞ்சம் குறைய.
"இரண்டரை காணாதோ?" விலையைப் பார்த்தபடி கேட்டேன்.
"காணும் அக்கா.
சுவருக்குள்ள வெந்து வெந்து காணும்.
ஒருநாள் காணாமல் போகும்."

நாலு சதுர மில்லிமீற்றர் வாங்கினோம்.
மெயினிலிருந்து குளியலறை வரை ஒரே ஓட்டம்,
தனி பிரேக்கர், நடுவில் முடிச்சில்லை, ரேப்பில்லை.
ட்ரிப் சுவிட்சும் புதிது. பழையதன் பொத்தானை அழுத்தினால்
அது கோயில் யானைபோல
அசையாமல் நின்றதாம்.

கொக்குவிலுக்கு வந்து பிளக் மூடியைக் கழற்றியவன்
சும்மா இருந்தான். பிறகு கூப்பிட்டான்.
சிவப்பு இருந்தது. கறுப்பு இருந்தது.
பச்சை, ஒரு விரல் நீளம் வந்து
அங்கேயே நின்றது.
"இந்த வீட்டுக்கு எர்த்தே இல்லை.
ஆரோ உருவி எடுத்திருக்கினம்."

ஆரோ இல்லை.

கரண்ட் இல்லாத அந்த வருஷங்களில்
சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற
டைனமோவில் றேடியோ முனகும்.
ஏரியலுக்குக் கம்பி வேண்டும்.
எரியாத வீட்டில் எந்த வயரும் ஒன்றுதான்.
சிவப்பைத் தொடப் பயம், நான் பச்சையை இழுத்தேன்.
பிளக் பிளக்காய்த் திறந்து, குழாய்க்குள்ளிருந்து
விலாங்குபோல வழுக்கி வந்தது.
முருங்கையில் கட்டினேன். அன்றிரவு
நாடகத்தில் பாதி கேட்டது, மிச்சம் இரைச்சல்.
தம்பி கை சோர்ந்தால் எல்லாரும் செத்துப்போவார்கள்.

பிறகு கரண்ட் வந்தது. ஒருவரும் பச்சையைக் கேட்கவில்லை.
வெறுங்காலோடு தொட்டால் பிரிஜ் சுள்ளென்று கடிக்கும்.
பிரிஜ்ஜின் குணம் அப்படி என்று
அம்மா அதன் முன்னால் ஒரு பலகை போட்டாள்.
அந்தப் பலகையில்தான் நான் இத்தனை வருஷம் நின்றேன்.

இதை நான் றெஜினோல்ட்டிடம் சொல்லவில்லை.
அவன் முற்றத்தில் கம்பி அடித்தான்.
இரண்டடி செம்மண், பிறகு சுண்ணாம்புக்கல்,
ணங்.
இடம் மாற்றினான். ணங்.
மூன்றாம் முறை, குசினித் தண்ணீர் ஓடும்
வாழையடியில்,
கம்பி பேசாமல் இறங்கியது.
கருவி இருபத்திரண்டு காட்டியது.
"இன்னும் குறையவேணும்," தள்ளி இன்னொரு கம்பி.
பின்னேரம் ஒன்பது.

பச்சை வயர் பிரிஜ்ஜுக்கும் போனது, எல்லாப் பிளக்குக்கும்.
புதிய ட்ரிப் சுவிட்சின் பொத்தானை
என்னையே அழுத்தச் சொன்னான்.
டக். வீடு முழுக்க இருட்டு.
இருட்டில் அவன் சந்தோஷமாய்ச் சொன்னான்:
"சரியா வேலை செய்யுது."

அடுத்தநாள் விடிய ஹீற்றரைப் போட முன்னம்
குசினிக்குப் போனேன்.
பலகையைக் காலால் ஒதுக்கி, ஈரக் காலோடு
பிரிஜ் கதவில் உள்ளங்கையை வைத்தேன்.

இரும்பு. குளிர். வேறொன்றுமில்லை.
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பில்லில் பச்சை வயர் நாற்பது மீற்றர் என்றிருந்தது.
நான் எடுத்தது அவ்வளவு இருக்காது.
கேட்காமல் கொடுத்தேன்.